காலும் கோபுரமும் வெட்டுப்படாமல்

அக்கா,

இன்று காலை கடையின் பின்னறையில் பருப்பு மூட்டைகளை நகர்த்தியபோது அந்தச் சாக்கு வந்து என் காலில் விழுந்தது. இருபது கிலோ அரிசிச் சாக்கு. நாலாக மடித்து, உங்கள் கையால் கயிறு போட்டுக் கட்டியது. அவிழ்க்க முன்னரே மணம் வந்துவிட்டது: பழைய அரிசி, தெருப்புழுதி, நனைந்து காய்ந்த ஒரு புளிச்ச வாடை. எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எரிச்சல்தான் வந்தது. "போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாச்சு, இன்னும் இந்த மனுசி என்னை விடுறாவில்லை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார்.

ஒன்பது வருடம் அந்தச் சாக்கில் நான் குப்புறப் படுத்திருக்கிறேன் அக்கா. பாரிஸ் நகரத்தின் நட்டநடுவில், நோத்ர் தாம் மாதா கோயிலுக்கு முன்னால், பின்னால், பக்கவாட்டில், பாலத்தில், படிக்கட்டில். நான் சைவக்காரி. இங்கே லா சப்பலில் இருக்கிற பிள்ளையாருக்கே ஒரு நாளும் நிலத்தில் விழுந்து அடியழித்துக் கும்பிட்டதில்லை. மாதாவுக்கு அடியழித்த சைவக்காரி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாம் நானே தேடிக்கொண்ட வினை. 2009 கடைசியில், வன்னியிலிருந்து தப்பி வந்து சேர்ந்த புதிதில், டெலிபோன் கார்ட் வாங்க எங்கள் கடைக்கு வந்தீர்கள். யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட், கையை மூன்று மடிப்பு மடித்திருந்தீர்கள். "தங்கச்சி, இஞ்சை மாதா கோயில் எங்கை?" என்று கேட்டீர்கள். தெருவுக்குத் தெரு மாதா கோயில்தான், எதைக் கேட்கிறீர்கள் என்றேன். "பெரியது. படங்களிலை வாறது." ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்னேரம்தான் வேலை, காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

போகும்போது ரயிலில் விசயத்தைச் சொன்னீர்கள். மன்னாரில் இருந்த உங்கள் அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை உயிரோடு எங்கேயாவது போய்ச் சேர்ந்தால், அந்த ஊர் மாதா கோயில் வாசலில் நின்று நன்றி சொல்லவேண்டும். அதை அம்மா தன் கண்ணால் பார்க்கவேண்டும். கடல் தாண்டி எப்படிப் பார்ப்பது? படத்தில்தான். படத்தில் முகம் தெரியவேண்டும், கால் தெரியவேண்டும், கோயிலும் உச்சிச் சிலுவை வரைக்கும் வெட்டுப்படாமல் தெரியவேண்டும்.

"கால் எதுக்கு?" என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "ஊரிலை கால் போன பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டிலை இருந்து இடுப்பு மட்டும்தான் படம் அனுப்புதுகள். அம்மாவுக்கு அது தெரியும்." அதன் பிறகு நான் காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் மற்றதெல்லாவற்றைப் பற்றியும் கத்தியிருக்கிறேன், இல்லையா?

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் படம் எடுக்க வருகிற சனத்தைப் பற்றிக் கொஞ்சமும் நினைக்கவில்லை. முன்னால் இருக்கிற வெட்டவெளியில் உங்களை நிறுத்தி முகம் தெரிகிற தூரத்தில் நான் நின்றால், உங்கள் தலைக்கு மேல் கதவு மட்டும்தான் வரும். முதல் படத்தை ஊருக்குப் போகிறவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து அம்மாவின் தீர்ப்பு வந்தது: "கோயிலிலை பாதி எங்கை?" அடுத்த முறை நான் பின்னால் பின்னால் போய், போலீஸ்காரர் நிற்கிற இடம்வரைக்கும் போய் எடுத்தேன். கோபுரம் இரண்டும் முழுதாக வந்தன. தீர்ப்பு: "இந்தச் சனத்துக்குள்ளை ஆர் என்ரை பிள்ளை?"

அப்போதுதான் நிலத்தில் படுத்து எடுத்தால் இரண்டும் வரும் என்று கண்டுபிடித்தீர்கள். கண்டுபிடித்தது நீங்கள், படுத்தது நான். பிரெஞ்சுக் குளிர், ஈரக் கல். கடையில் இருந்து இந்தச் சாக்கைக் கொண்டுவந்தேன். படுத்து எடுத்ததில் காலும் வந்தது, கோபுரமும் வந்தது. ஆனால் கீழேயிருந்து பார்த்த உங்கள் முகம் மூக்குத் துவாரமும் நாடியுமாக இருந்தது. அம்மா பதறிப்போய் அழைத்தார். "பிள்ளைக்கு ஏன் முகம் வீங்கியிருக்கு? என்ன வருத்தம்? எனக்கு ஒளிக்காதை." உங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, எனக்குத்தான் மூன்று நாள் இடுப்பு நிமிராத நாரிப்பிடிப்பு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவிடாமல் செய்ததும் நான்தான். எங்கள் கடை வருடப்பிறப்புக்குக் கொடுக்கிற நாட்காட்டியில் அந்த வருடம் நோத்ர் தாம் படம். உங்களுக்கு ஒன்று தந்தேன், நீங்கள் ஊருக்கு அனுப்பினீர்கள். அதில் கோயிலின் நடுமுதுகில் ஊசிபோல ஒரு கோபுரம், அதன் நுனியில் சிலுவை. அம்மா பிடித்துக்கொண்டார். "உச்சிச் சிலுவை எண்டு நான் சொன்னது இதைத்தான். நீங்கள் எடுத்ததிலை இது எங்கை?" முன்வாசலில் நின்றால் அந்த ஊசிக் கோபுரம் இரண்டு பெரிய கோபுரங்களுக்கும் பின்னால் ஒளிந்துவிடும் அக்கா. அது என் பிழையா? எண்ணூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற கோயிலை நான் கொஞ்சம் திருப்பி வைக்கவா?

பின்பக்கம் போனோம். ஆற்றின் குறுக்கே ஒரு பாலத்தில் கம்பி முழுதும் காதலர்கள் பூட்டுப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஊசிக் கோபுரம் அழகாக வந்தது. அம்மா: "கோயிலை ஏன் பூட்டி வைச்சிருக்கினம்? அங்கையும் ஊரடங்கோ?" அடுத்த பாலத்துக்குப் போனோம். அங்கே பூட்டில்லை. தண்ணீர், மரம், கோயில், கோபுரம், நீங்கள், உங்கள் காலில் கறுப்புச் சப்பாத்து எல்லாம் ஒரே படத்தில். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் அந்த இடத்துக்குத்தான் கமராவோடு வருகிறார்கள். நான் பெருமையோடு பெரிய படமாகக் கழுவி அனுப்பினேன். அம்மாவின் பதிலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "இது பின்பக்கமெல்லோ? வாசல் எங்கை? சுவாமியின்ரை முதுகைப் பாத்துக்கொண்டு நிண்டு ஆரும் நேர்த்தி தீப்பினமோ?"

அன்றைக்குக் கடைக்கு முன்னால் நின்று உங்களைத் திட்டித் தீர்த்தேன். "உங்கடை அம்மாவுக்கு விசர். உங்களுக்கு அதைவிட விசர். எனக்கு ரெண்டையும் விட." நீங்கள் முருங்கைக்காய்க் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தபடி, "அடுத்த ஞாயிறு எத்தினை மணிக்கு?" என்று கேட்டீர்கள். உங்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும்.

வருடங்கள் போயின. உங்கள் அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டது, நேர்த்தி தீராமல் நிற்பதால்தான் என்றார் அம்மா. பிறகு இங்கே இருப்பதற்கான வதிவிடக் கார்ட் கிடைத்தது. அப்போது, "பார்த்தாயா, மாதா பொறுத்துக்கொண்டிருக்கிறா, சீக்கிரம் முடி" என்றார். புறநகரில், லா கூர்னெவ்வில் அறை எடுத்தீர்கள், விடிய முன்னர் எழும்பி அலுவலகங்கள் கூட்டித் துடைத்தீர்கள். ஞாயிறென்றால் கார் து நோர் ரயில் நிலையத்தில் அதே தூணடியில், சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். வாட்ஸ்அப் வந்தது. வீடியோவிலேயே கோயிலையும் காலையும் காட்டினால் என்ன என்று நானே அம்மாவிடம் கேட்டேன். "அது ஓடிப்போயிடும் பிள்ளை. சுவரிலை கொழுவ ஏலாது" என்றார்.

சரியான இடத்தைக் கண்டுபிடித்தது 2019இல். ஆற்றின் இடதுகரையில், பழைய புத்தகம் விற்கிற பச்சைப் பெட்டிகள் வரிசையாக இருக்குமே, அங்கே இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கப் போதுமான இடைவெளி. அங்கே நீங்கள் நின்றால் உங்களுக்குப் பின்னால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் கோயில் சரிவாகத் திரும்பி நிற்கும். வாசலும் தெரியும், ஊசிக் கோபுரமும் தெரியும். காலும் முகமும் ஒழுங்காக வர நான் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்க நடைபாதையில் படுக்கவேண்டும். நடுவில் ஓடுகிற வாகனங்கள் சிவப்பு விளக்குக்கு நிற்கிற நேரத்துக்குள் எடுக்கவேண்டும். அப்படி ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது வருடம் பிடித்தது என்றால் யாராவது நம்புவார்களா?

குருத்து ஞாயிறு அன்று போனோம். நீங்கள் பூசைக்குப் போய்விட்டு, குருத்தோலைக்குப் பதிலாக இங்கே கொடுக்கிற பச்சைக் கிளையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள், எங்கள் ஊரில் கும்பாபிசேகத்துக்குக் கட்டுவதுபோல. நுனியும் சிலுவையும் வெளியே தெரிந்தன, அது போதும் என்றீர்கள். நான் படுத்தேன். சிவப்பு விழும், பஸ் ஒன்று சரியாக உங்களை மறைத்துக்கொண்டு நிற்கும். பச்சை விழும், போகும். அடுத்த சிவப்பு, சைக்கிள்காரன். அடுத்தது, ஒரு சீனக் கலியாணப் பொம்பிளை வெள்ளை உடுப்போடு வந்து உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். முப்பது படமாவது எடுத்திருப்பேன். இரண்டு மணிக்கு எனக்குக் கடை. கடைசியில் ஒரு சிவப்புக்குத் தெரு வெறுமையானது. பஸ் இல்லை, சைக்கிள் இல்லை, பொம்பிளை இல்லை. அழுத்தினேன்.

எழும்பிப் பார்த்தேன். வாசல் இருந்தது. சிலுவை இருந்தது. சப்பாத்து இரண்டும் இருந்தன. முகம் தெளிவாக இருந்தது. கண் மூடியிருந்தது.

தெருவுக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினீர்கள். "வந்ததோ?"

"வந்தது. ஆனா கண்ணை மூடிட்டியள்."

"பரவாயில்லை, காட்டு பாப்பம்."

"அழிச்சுப்போட்டன்."

அழிக்கவில்லை அக்கா. பொய் சொன்னேன். ஏன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். போர் முடிந்த 2009 மே மாதம், நீங்கள் இன்னும் வந்து சேராத காலம், இந்தக் கடையில் இருந்த ஒரேயொரு கணினியைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். இணையத்தில் வந்த படங்களில், கண் மூடிக் கிடந்தவர்களுக்குள் எங்கள் ஆட்களைத் தேடினோம். என் தம்பியை அப்படித்தான் கண்டேன். அதன் பிறகு தெரிந்த ஆள் ஒருவர் படத்தில் கண் மூடியிருந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படி ஒரு படத்தை ஒரு தாய்க்கு அனுப்ப, சுவரில் கொழுவ, நான் விடுவேனா?

நீங்கள் கோபிக்கவில்லை. தெருவைத் தாண்டி வந்து என் முழங்கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கான் எண்டது சரிதான்" என்று சிரித்தீர்கள். "அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இன்னும் நல்லது. அப்ப எடுப்பம்" என்று நான் சொன்னேன். சாக்கை மடித்துக் கட்டி, கடைக்குப் போன என்னிடமே தந்தீர்கள். இன்று காலை என் காலில் விழுந்தபோது இருந்த முடிச்சு அன்றைக்குப் போட்டது.

மறுநாள் திங்கட்கிழமை பின்னேரம் கோயில் எரிந்தது.

கடையில் சனம் வாங்குவதை விட்டுவிட்டு ஆளுக்காள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஊசிக் கோபுரம் ஒருபக்கம் சாய்ந்து முறிந்து நெருப்புக்குள் விழுந்ததை நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் அழைத்தீர்கள். அழுவீர்கள் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டீர்கள்.

"அந்தப் படம் உண்மையா அழிச்சுப்போட்டியோ?"

"ஓம்" என்றேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். என் போனில் அது இருந்தது. ஆனால் முறிந்துபோன கோபுரமும் மூடிய கண்ணும் ஒன்றாக இருக்கிற படம் எனக்கு மரண அறிவித்தல் போலத் தெரிந்தது. எப்படிக் காட்டுவேன்? அடுத்த ஞாயிறு, ஈஸ்டர் அன்று, ஊரில் கோயில்களுக்குள் குண்டு வெடித்தது. அதன் பிறகு படம் என்ற பேச்சை மாதக்கணக்கில் இருவரும் எடுக்கவில்லை.

பேச்சை எடுத்தது அம்மாதான். "முறிஞ்ச கோயிலுக்கு முன்னாலை பிள்ளையை நிப்பாட்டாதேங்கோ. கட்டி முடியட்டும். நான் இருப்பன்" என்றார். அவர் இருந்தார். நீங்கள்தான் இருக்கவில்லை. வருத்தம் வந்து ஆசுபத்திரியில் படுத்திருந்த உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்பீர்கள், "எவ்வளவு கட்டியிட்டினம்?" என்று. நான் போகும் வழியில் இறங்கி, பாரந்தூக்கிகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவேன். அதே போனில், விரலை நாலு தரம் தள்ளினால் அந்தப் படமும் வந்திருக்கும். நீங்கள் தள்ளிப் பார்த்துவிடுவீர்களோ என்று போனைக் கையில் தரவே மாட்டேன். உங்களுக்கு ஒரு ரோசமும் வரவில்லை. "நீ நல்லாத்தான் எடுக்கிறாய் இப்ப" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். புதுக் கோபுரம் எழும்ப முன்னரே போய்விட்டீர்கள்.

மரண அறிவித்தலுக்கு வதிவிடக் கார்டில் இருந்த படத்தைத்தான் போட்டோம். முகம் மட்டும். கால் எங்கே என்றுகூட அம்மா கேட்கவில்லை. குறை சொல்லாத அம்மாவை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன்.

போன கிழமை அவர் அழைத்தார். எண்பத்தைந்து வயது, குரலில் ஒரு தளர்வும் இல்லை. "கோயில் திறந்திட்டினம் எண்டு ரீவியிலை காட்டினவை. பிள்ளை, நேர்த்தி நிக்குது. அவளுக்குப் பதிலா நீ ஒருக்கால் வாசலிலை நிண்டு ஒரு படம் அனுப்பு." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போயும் போயும் இன்னொரு படமா? நான் சைவம் அம்மா, எனக்கு வேலை இருக்கிறது அம்மா, முழங்கால் நோகிறது அம்மா என்று எல்லாம் சொன்னேன். "காலும் தெரியவேணும்" என்றார்.

இன்று காலை அந்தச் சாக்கு விழுந்ததும் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். முதலாளியிடம் தலையிடி என்றேன்.

இடதுகரை அப்படியே இருக்கிறது. அதே பச்சைப் பெட்டிகள், அதே சிவப்பு விளக்கு, அதே பஸ். புதுக் கோபுரம் சாரம் இல்லாமல் நிற்கிறது. பார்த்தவுடன் எனக்கு அதிலும் எரிச்சல் வந்தது, இவ்வளவு கெதியாகக் கட்ட முடியுமென்றால் இன்னும் இரண்டு வருடம் முந்திக் கட்டியிருக்கலாமே என்று. அந்த இடைவெளியில் போய் நிற்கத்தான் போனேன். நிற்க முடியவில்லை அக்கா. அது உங்கள் இடம். தெருவைத் தாண்டி வந்து, நான் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் சாக்கை விரித்து, அதில் குந்தினேன். போனைத் திறந்தேன். விரலைத் தள்ளித் தள்ளி, ஐந்து வருடம் பின்னால் போய், அந்தப் படத்தை எடுத்து, என்ன ஏது என்று யோசிக்க முன்னர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. நான் முந்திக்கொண்டேன். எப்போது எடுத்தது, ஏன் அனுப்பவில்லை, உங்களிடம் சொன்ன பொய் இரண்டும், எல்லாவற்றையும் கொட்டினேன். "கண் மூடியிருக்கம்மா. செத்த ஆள் மாதிரி... அதுதான் அனுப்பேல்லை."

அம்மா ஒன்பது வருடம் எங்களை ஆட்டிவைத்த அதே கறார்க் குரலில் சொன்னார். "விசர்ப் பிள்ளை. கும்பிடேக்கை ஆரும் கண்ணைத் திறந்து வைச்சிருப்பினமோ?"

"கையிலை குருத்தும் வைச்சிருக்கிறாள்" என்றார். "வாசல் தெரியுது. சிலுவை தெரியுது. இனி என்ன? நேர்த்தி அண்டைக்கே முடிஞ்சுது. இதை அவளுக்குச் சொல்லியிருக்கலாமே பிள்ளை." இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதோம். நடைபாதையில் போன ஒரு வெள்ளைக்காரி என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்து நாணயம் ஒன்றைச் சாக்கில் போட்டுவிட்டுப் போனாள்.

நாணயத்தைக் கோயில் உண்டியலில் போட்டேன். உங்களுக்காக அந்த நீள வரிசையில் நின்று உள்ளேயும் போனேன், கண்ணையும் மூடினேன். சாக்கைத் திரும்பக் கட்டப் பார்த்தேன், உங்கள் முடிச்சு எனக்கு வரவில்லை. சும்மா சுருட்டிக்கொண்டு வந்து, கடையில் வைக்காமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அதன் மணம் அறை முழுதும் நிற்கிறது.

அன்று திங்கட்கிழமை நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிழையான பதில் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

இல்லை அக்கா. அழிக்கவில்லை. நல்லாத்தான் வந்திருக்கிறது. காலும் தெரிகிறது.